தக்சினுக்கு வாக்களித்தவர்கள் ஏமாளிகளா?

‘பணக்காரன் திருட மாட்டான்’ என்று நம்பி ஏமாறும் மக்கள்தான் தொழிலதிபர்களை ஆட்சியில் அமர்த்துகிறார்கள் என்கிறார் ஒரு கட்டுரையாளர். அப்படியா? தாய்லாந்தின் முன்னாள் பிரதமர் தக்சின் ஷினவத்ராவை எடுத்துக்கொள்ளுங்கள். தொலைத்தொடர்புத் தொழிலில் கோடிகளைக் குவித்தவர். வேலைக்காரர்கள், ஓட்டுநர் பெயர்களில் அவருடைய பங்குகள் இருந்த விவகாரம் 2001 தேர்தலுக்கு முன்பே சந்தி சிரித்துவிட்டது. தெரிந்தேதான் வாக்களித்தார்கள்.

1997 நிதி நெருக்கடியில் தாய்லாந்து நாணயமான பாத்தின் மதிப்பு சரிந்து, பழைய கட்சிகள் கைவிரித்திருந்த நேரம் அது. இவரோ 30 பாத்துக்கு மருத்துவம், கிராமத்துக்குப் பத்து லட்சம் பாத் கடன் நிதி என்றார். சொன்னதைச் செய்தும் காட்டினார். வடகிழக்கு நெல் விவசாயி முப்பது பாத்தை நீட்டி மருத்துவரைப் பார்க்க முடிந்தது. 2005 நாடாளுமன்றத் தேர்தலில் அவர் கட்சிக்கு 500 இடங்களில் 375 கிடைத்தது சும்மாவா? (2003 போதைப்பொருள் ஒழிப்பில் நடந்த கொலைகளை நான் மன்னிக்கவில்லை; அது தனிக் கணக்கு.)

2006-இல் குடும்பப் பங்குகளைச் சிங்கப்பூர் நிறுவனத்துக்குச் சுமார் 7,300 கோடி பாத்துக்கு வரியின்றி விற்றபோது கொதித்தது பாங்காக் நடுத்தர வர்க்கம். கிராமங்கள் அசையவில்லை. ராணுவம் அவரைக் கவிழ்த்த பிறகும், 2011-இல் அவருடைய தங்கையைப் பிரதமராக்கினார்கள்.