நேற்று தூங்கினாயா?

"பதினாறு வயசுல என்னங்க காதல்? எல்லாம் இனக்கவர்ச்சி." போன வாரம் காரைக்குடியில் என் டியூஷன் வாசலில் நின்று ஒருவர் இப்படிச் சொன்னார். அவருடைய அக்காள் மகளும், என்னிடமே கணக்குப்பதிவியல் படிக்கும் பிளஸ் டூ பையனும், வகுப்பு முடிந்த பிறகு சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் பேசுகிறார்கள். யாரோ பார்த்துச் சொல்லிவிட்டார்கள். இவர் ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்கப்போவதாக நின்றார். வீட்டில் மற்றவர்கள், படிப்பை நிறுத்திவிட்டு மாப்பிள்ளை பார்த்துவிடலாம் என்கிறார்களாம்.

"அண்ணே, அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போக ஏன் நேரமாக்குதுன்னு யாராச்சும் கேட்டீங்களா?" என்றேன். அவர் பேசவில்லை. அவர் மச்சான், அதாவது அவளுடைய அப்பா, ஏழு மணிக்கே குடித்துவிட்டு வருவது தெருவுக்கே தெரியும். பையன் வீட்டில் வேறு கதை. அப்பாவும் அம்மாவும் இரண்டு வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை. ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டியதையெல்லாம் அவன் வாயால் சொல்லி அனுப்புகிறார்கள், திட்டு உட்பட.

இதைப் பற்றி எழுத எனக்குச் சொந்தக் காரணம் இருக்கிறது. 1996-இல் நானும் பிளஸ் ஒன். பள்ளத்தூர் பக்கம் ஒரு கிராமம். பாதி வீடுகள் பூட்டித்தான் கிடக்கும். அப்படி ஒரு பெரிய வீட்டுக்கு எங்கள் குடும்பம் காவல். வீட்டுக்காரர்கள் சென்னையிலும் மலேசியாவிலும் இருந்தார்கள். கல்யாணம், பிள்ளையார் நோன்பு என்றால்தான் வருவார்கள். நாங்கள் இருந்தது பின்கட்டில் ஒற்றை அறை. வளவு என்கிற உள்முற்றத்தைச் சுற்றி வரிசையாக அறைகள், எல்லாவற்றிலும் பூட்டு. ஒவ்வோர் அறையும் ஒவ்வொரு புள்ளிக்கு, அதாவது அந்தக் கூட்டுக்குடும்பத்தின் ஒவ்வொரு தனிக் குடும்பத்துக்கு, சொந்தம். ஒருவர் அறையை இன்னொருவர் திறக்கமாட்டார். ஆத்தங்குடிக் கல் பதித்த அந்தத் தரையை நானும் அம்மாவும் தினமும் துடைப்போம். அறைகளுக்குள் போனதே இல்லை.

அப்பா குடிப்பார். ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்தால் இரண்டு மணி வரை ஓயாது. கை நீளும்போது நான் நடுவில் போய் உட்கார்ந்துகொள்வேன். என் மேல் கை வைக்கமாட்டார் என்று ஒரு கணக்கு. அந்தக் கணக்கு சில நாள் தப்பும்.

நான் பள்ளிக்குப் போகும் பஸ்ஸில் ஒரு பையன் கோட்டையூரில் ஏறுவான். சித்தி வந்த பிறகு அவனுக்குப் படுக்கை திண்ணையில் என்று ஆகிவிட்டது. மழை நாளில் சாரலில் நனைந்து உட்கார்ந்தபடியே விடிய வைப்பான். "உன் கண்ணு ஏன் செவந்திருக்கு?" என்றுதான் என்னிடம் முதலில் கேட்டான். பிறகு தினமும் ஒரே கேள்வி: "நேத்து தூங்குனியா?" ஊரெல்லாம் சாப்பிட்டாயா என்று கேட்கும். தூங்கினாயா என்று கேட்டவன் அவன் ஒருவன்தான். காரைக்குடி வரும்வரை, யார் வீட்டில் எத்தனை மணிக்குச் சத்தம் அடங்கியது என்பதுதான் எங்கள் பேச்சு.

அது காதல்தான். கவர்ச்சியும் இருந்தது, மறைக்க ஒன்றும் இல்லை. அவன் சட்டைக் காலர் கிழிந்து தைத்த இடம் இன்றைக்கும் எனக்கு நினைவிருக்கிறது. ஆனால் அதை 'இனக்கவர்ச்சி', 'வயசுக் கோளாறு' என்று ஒரு சொல்லில் மூடிவிட்டால், பெரியவர்களுக்கு வேறு எதையும் விசாரிக்க வேண்டாமே! வயசு மேல் பழியைப் போட்டாகிவிட்டது, வீடு தப்பித்துக்கொண்டது.

பெரியப்பாவுக்குத் தெரிந்தது. பள்ளிக்கூடம் நின்றது. நாங்கள் திருப்பூருக்குப் போய்விடுவது என்று முடிவு செய்தோம். பனியன் கம்பெனியில் வேலை கிடைக்கும் என்று அவன் விசாரித்து வைத்திருந்தான். கையில் 140 ரூபாய்.

அந்த மார்கழியில் நோன்புக்கு வீட்டுக்கார ஆச்சி வந்தார்கள். பள்ளிக்கூட நாளில் நான் வீட்டில் இருப்பதைப் பார்த்து விசாரித்தார்கள். ஆளுக்கு ஆள் பையனைப் பற்றிச் சொன்னார்கள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ராத்திரி தூங்குறியா ஆத்தா?" என்றார்கள். நான் அழுதுவிட்டேன். மறுநாள் வளவில் தன் அறையைத் திறந்து, சாவியை என் கையில் கொடுத்தார்கள். "மத்த அறையெல்லாம் எனக்குப் பாத்தியப்பட்டதில்ல. இது எங்க புள்ளியோடது. உள்ள தாப்பாள் இருக்கு, போட்டுக்க." பெட்டகங்களுக்கும் பித்தளைச் சாமான்களுக்கும் நடுவில் ஒரு பாய் விரிக்க இடம் இருந்தது. அன்றைக்கு விடிந்தது தெரியாமல் தூங்கினேன். பெரியப்பாவிடம் பேசி என்னை மறுபடியும் பள்ளிக்கு அனுப்ப வைத்ததும் அவர்கள்தான்.

ஒரு வாரம் தூங்கிய பிறகு ஒன்று புரிந்தது. திருப்பூருக்கு ஓட வேண்டும் என்ற அவசரம் என்னிடம் இல்லை. அவன் மேல் இருந்த பிரியம் மட்டும் அப்படியே இருந்தது. அந்த அவசரம் காதலால் வந்ததே இல்லை, வீட்டிலிருந்து வந்தது.

அவனுக்கு யாரும் சாவி கொடுக்கவில்லை. அவன் தனியாகவே திருப்பூர் போனான். இரண்டு கடிதம் வந்தது, அப்புறம் வரவில்லை. ஆம்பளைப் பிள்ளை எங்கேயும் படுத்துக்குவான் என்று ஊர் நினைத்தது. நானும் அப்படித்தான் நினைத்திருக்கிறேன் போல. ஆச்சியிடம் அவனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

காயப்பட்ட இரண்டு பிள்ளைகள் சேர்ந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லும் கதைகளும் எனக்கு ஒத்துவராது. அவனால் என்னைக் கேட்க முடிந்தது. என் அப்பாவின் சத்தத்தை நிறுத்த முடிந்ததா? பதினேழு வயதுப் பையன் ஒருத்திக்கு வீடாக இருக்க முடியாது. அதை அவனிடம் எதிர்பார்ப்பது அவனுக்குச் செய்யும் அநியாயம்.

மாமன்காரரிடம் சட்டத்தையும் சொன்னேன். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்க 2012-இல் வந்த போக்சோ சட்டப்படி 18 வயதுக்குக் கீழே சம்மதம் என்பதே செல்லாது. அந்தச் சட்டம் வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தச் சம்மத வயதைக் குறைக்க வேண்டாம் என்று 2023-இல் சட்ட ஆணையம் சொன்னதும் எனக்குச் சரியாகவே படுகிறது. ஆனால் வளரிளம் பருவத்துக் காதல்களைத் தண்டிப்பது இந்தச் சட்டத்தின் நோக்கமில்லை என்று சென்னை உயர் நீதிமன்றமே 2021-இல் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு பேசுவது எந்தச் சட்டத்திலும் குற்றமில்லை. பதினாறு வயதில் அவளுக்குத் தாலி கட்டி வைப்பதுதான் குற்றம், நடத்தி வைக்கும் மாமன் உட்பட. இதைச் சொன்னபோது அவர் முகம் மாறியது. வீட்டில் அடி விழுகிறது என்றால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் பேசலாம், பிள்ளையே பேசலாம் என்றும் சொன்னேன்.

பங்குனியில் கம்பன் விழா நடத்தும் ஊர் இது. 1939-இல் சா. கணேசன் தொடங்கி வைத்தது. மிதிலையில் மாடத்தில் நின்ற பெண்ணும் வீதியில் போன ராமனும் பார்த்துக்கொண்டதை அறிஞர்கள் விரித்துச் சொல்ல, பெரியவர்கள் உருகிக் கேட்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். அந்த மனசில் கொஞ்சம் நம் தெருப் பிள்ளைகள் மேலும் வைக்கக் கூடாதா?

மறுநாள் சாயங்காலம் அவரே வந்தார். "அவ அப்பா தூங்குற வரைக்கும் இங்கேயே இருந்து படிக்கட்டுமா?" என்று கேட்டார். மாடி அறையை ஒதுக்கிவிட்டேன். ஒன்பதரைக்கு அவரே வந்து கூட்டிக்கொண்டு தன் வீட்டுக்குப் போகிறார். அக்காளையும் அங்கேயே அழைத்து வைத்துக்கொள்ள யோசிக்கிறாராம்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையன் வீட்டுக்குப் போகிறேன். அப்பா, அம்மா இருவரையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேச வேண்டும். ஒத்துவராவிட்டால் கீழ் ஹாலில் அவனுக்கும் ஒரு மேசை போட்டுவிடுவேன்.