20 சான்றிதழ் இருந்தால் பல்கலைக்கழக இடம் உறுதியா?

"புறப்பாடச் சான்றிதழ் 20 சேர்த்தால், எஸ்.டி.பி.எம். (மலேசியாவின் பல்கலைக்கழக நுழைவுக்கான உயர்நிலைத் தேர்வு) புள்ளி குறைந்தாலும் அரசுப் பல்கலைக்கழக இடம் உறுதி" என்றொரு புலனச் (வாட்ஸ்அப்) செய்தி மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டத்துப் பெற்றோரிடையே சுற்றுகிறது. தவறு. பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான தகுதிப் புள்ளியில் தேர்வுக்கு 90 விழுக்காடு, புறப்பாடத்துக்கு 10 மட்டுமே.

அந்த 10-உம் காகிதக் கனத்துக்குக் கிடைப்பதில்லை. சீருடை இயக்கம், கழகம், விளையாட்டு ஆகியவற்றில் வகித்த பொறுப்பு, வருகை, மாவட்டமா மாநிலமா என எட்டிய நிலை ஆகியவையே கணக்கு. பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் பயிலரங்குகளுக்கு ரிங்கிட் கட்டி, மகனுக்காகச் சான்றிதழ்களைக் கோப்பில் அடுக்குகிறார். அவனோ சனிக்கிழமைச் சாரணர் பயிற்சிக்கு மட்டம் போடுகிறான்!

எண்ணிக்கையைக் குவிக்க வெளிநாட்டிலும் இடமில்லை: அமெரிக்கக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பமான 'காமன் அப்ளிகேஷன்' படிவத்திலும் நடவடிக்கைகளுக்கு 10 இடங்களே உண்டு.