குலசேகரன்பட்டினத்து ராக்கெட்டுக்கு அலைவரிசை யார் தருவது?

குலசேகரன்பட்டினம் ஏவுதளத்தைப் பற்றி நம் மதுரையில் யார் பெருமையாகப் பேசினாலும் எனக்கு ஒரு கேள்வி வந்துவிடுகிறது. அங்கிருந்து ராக்கெட் விடப்போகும் தனியார் கம்பெனிக்கு அலைவரிசை எத்தனை நாளில் கிடைக்கும்? பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் சொல்லிக்கொடுக்கிற எனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

கிளம்பிய ராக்கெட்டுக்கும் தரைக்கும் இருக்கும் ஒரே தொடர்பு ரேடியோதான். எஞ்சின் அழுத்தம், வெப்பம், அதிர்வு எல்லாம் எஸ் பேண்ட் என்கிற அலைவரிசைப் பட்டையில், பெரும்பாலும் 2200–2290 மெகாஹெர்ட்ஸில், நொடிக்கு நொடி கீழே வந்துகொண்டிருக்கும். பாதை தவறினால், ஜனங்கள் இருக்கும் பக்கம் திரும்பும் முன்பே அதை அழிக்கிற கட்டளையும் ரேடியோவில்தான் மேலே போகும். திருவிழாவில் பக்கத்துத் தெரு மேடையின் வயர்லெஸ் மைக் நம் ஸ்பீக்கரில் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். இரண்டும் ஒரே அலைவரிசையில் இருந்தால் அப்படித்தான். ராக்கெட் விஷயத்தில் அந்தக் குறுக்கீட்டுக்கு இடமே கொடுக்கக் கூடாது.

அதனால் கட்டுப்பாடு கட்டாயம் வேண்டும். ராணுவமும் இஸ்ரோவும் பயன்படுத்துகிற பட்டைகளில் யார் வேண்டுமானாலும் நுழைய முடியாது, சரி. ஆனால் ஏவுதலுக்கு ஏவுதல் தற்காலிக அனுமதிக்கு அலையும் முறை இங்கே வேரூன்றிவிடக் கூடாது. அமெரிக்கா அதில் வருஷக்கணக்காகக் கிடந்தது. அங்குள்ள தகவல் தொடர்பு ஆணையம் 2013-இல் பேச்சை ஆரம்பித்து, 2021-இல்தான் 2200–2290 பட்டையை வணிக ஏவுதலுக்கும் ஒதுக்கியது. 2024 செப்டம்பரில் இதற்கென்றே ஒரு சட்டம் போட்டு, 2025–2110, 2360–2395 மெகாஹெர்ட்ஸையும் சேர்த்தார்கள். பல ஏவுதலுக்கு ஒரே அனுமதி என்பதும் அதில் உண்டு.

நம் நாட்டில் தனியார் ராக்கெட் கம்பெனிகளான ஸ்கைரூட் 2022 நவம்பரிலும் அக்னிகுல் 2024 மே மாதத்திலும் பறக்கவிட்டது ஸ்ரீஹரிகோட்டாவில், இஸ்ரோவின் வளாகத்துக்குள். ராக்கெட் விட, தனியார் விண்வெளிப் பணிகளுக்கு அனுமதி தரும் மத்திய அரசு அமைப்பான இன்ஸ்பேஸின் அனுமதி வேண்டும்; அலைவரிசைக்குத் தொலைத்தொடர்புத் துறையில் அதைப் பார்க்கும் பிரிவான டபிள்யூபிசியின் அனுமதி வேண்டும். 2023 தொலைத்தொடர்புச் சட்டம் ராக்கெட் ஏவும் பணிகளை, அலைவரிசையை ஏலம் இல்லாமல் ஒதுக்கும் பட்டியலில் வைத்திருக்கிறது. அது நல்ல முடிவு. எப்போதோ சில நிமிஷம் பயன்படுத்துகிறவனைச் செல்போன் கம்பெனியோடு ஏலத்தில் நிறுத்துவது அநியாயம். ஆனால் ஏலம் இல்லை என்பதாலேயே காத்திருப்பு குறைந்துவிடாது. ராக்கெட் குறித்த நாளில் கிளம்புவது அபூர்வம். காற்று, மழை, ஒரு வால்வு, எதற்காகவும் தள்ளிப்போகும். அதற்குள் அனுமதிக் காலம் முடிந்தால் திரும்ப மனு, திரும்பக் காத்திருப்பு. பெரிய கம்பெனி தாங்கும். மேலூர், உசிலம்பட்டிப் பக்கமிருந்து வந்து படித்த என் பசங்க வேலைக்குச் சேர நினைப்பது சின்னக் கம்பெனிகளில். அவை எத்தனை மாதம் சும்மா உட்கார்ந்து சம்பளம் கொடுக்கும்?

அப்புறம் இலங்கை. அதைச் சுற்றி வளையாமல் நேராகத் தெற்கே ஏவலாம் என்றுதான் குலசேகரன்பட்டினத்தையே தேர்ந்தெடுத்தார்கள். நூறு கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் ராக்கெட்டின் அலை ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் எட்டும். கொழும்பு முந்நூறுக்குள் இருக்கிறது. அங்கே அதே அலைவரிசையில் யார் இருக்கிறார்கள் என்பதை ஏவுதலுக்கு முந்தின வாரம் விசாரிக்க முடியாது.

2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டிய தளம் இது. கட்டி முடிப்பதற்குள் அந்தத் தளத்துக்கென்று அலைவரிசைகளை ராணுவத்தோடும் இலங்கையோடும் பேசி முடித்து வைக்க வேண்டும். மனுவுக்கு எத்தனை நாளில் பதில் என்று விதியிலேயே எழுத வேண்டும். தேதி தள்ளிப்போனால் அனுமதியும் தானாக நீள வேண்டும். தென்மாவட்ட எம்.பி.க்கள் அடுத்த கூட்டத்தொடரிலேயே இதை எழுத்துபூர்வமாகக் கேட்டு, தேதியோடு பதில் வாங்கித் தர வேண்டும்.