மதிப்பெண் குறைந்தால் அவசர சிகிச்சைத் துறையைக் கைவிட வேண்டுமா?

புதுச்சேரியிலும் கடலூர் மாவட்டத்திலும் எம்.பி.பி.எஸ். படித்து, அமெரிக்காவில் அவசர சிகிச்சை மருத்துவ ரெசிடென்சிக்கு (சிறப்புத் துறைப் பயிற்சிக்கு) விண்ணப்பிக்க ஆசைப்படும் தம்பி தங்கைகள், அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வின் இரண்டாம் கட்டமான ஸ்டெப் 2 மதிப்பெண் சராசரிக்குக் கீழே போனவுடன் அந்தத் துறையையே விட்டுவிடலாமா என்று என்னிடம் கேட்கிறார்கள். விட வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

மதிப்பெண் முக்கியமில்லை என்று நான் சொல்ல வரவில்லை. 2022 ஜனவரி முதல் ஸ்டெப் 1 தேர்வுக்குத் தேர்ச்சியா தோல்வியா என்பது மட்டுமே தெரிவிக்கப்படுவதால், ஸ்டெப் 2 மதிப்பெண்ணின் கனம் கூடிவிட்டது. தேர்ச்சி பெற்றவர் அதை மறுபடி எழுதி உயர்த்திக்கொள்ளவும் வழியில்லை. அந்த எண்ணை வைத்தே விண்ணப்பங்களை வடிகட்டும் இடங்கள் உண்டு. விசா தேவைப்படும் நம்மவர்களுக்கு வாசல் இன்னும் குறுகலானது.

ஆயினும் இத்துறைக்கென்றே 'ஸ்லோ' என்னும் மதிப்பீட்டுக் கடிதம் ஒன்று இருக்கிறது. அங்குள்ள அவசர சிகிச்சைப் பிரிவில் சில வாரங்கள் ரொட்டேஷன் (நேரடிப் பயிற்சி) செய்தவரைப் பற்றி, அவருடன் நின்று வேலை பார்த்த மூத்த மருத்துவர்கள் எழுதுவது அது. நோய்க்கான காரணங்களை வரிசைப்படுத்திச் சிகிச்சைத் திட்டம் சொல்லத் தெரிகிறதா, குழுவோடு ஒத்துப்போகிறாரா, எவ்வளவு வழிகாட்டுதல் தேவைப்படும் என்றெல்லாம் மற்ற மாணவர்களோடு ஒப்பிட்டுக் குறிக்கிறார்கள். நம் நீட் முதுகலைக் கலந்தாய்வில் இப்படி ஒரு கேள்விக்கே இடமில்லை என்பது என் நெடுநாள் வருத்தம். பூச்சிமருந்து குடித்தவரையும், பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்பில் பாம்பு கடித்தவரையும், கிழக்குக் கடற்கரைச் சாலை விபத்தில் அடிபட்டவரையும் ஒரே இரவில் பார்த்துப் பழகிய நம் பயிற்சி மருத்துவர், அந்தக் கடிதத்தில் தன்னை நிரூபிக்க முடியும் என்று முழுமனதாக நம்புகிறேன். அதற்கான ரொட்டேஷனைப் படிப்பு முடிவதற்குள் தேடிக்கொள்ளுங்கள். படிப்பை முடித்தவர்களைப் பல மருத்துவமனைகள் ஏற்பதில்லை.

2023 'மேட்ச்' என்னும் ரெசிடென்சி இட ஒதுக்கீட்டில் இத்துறையில் 554 இடங்கள் நிரம்பாமல் போனதைக் காட்டி, மதிப்பெண் குறைந்தவர்களுக்கு இது எளிய வழி என்று சிலர் சொல்லித் தருகிறார்கள். அது என்னைப் புண்படுத்துகிறது. அடுத்த ஆண்டே அந்த எண்ணிக்கை 135 ஆகச் சுருங்கிவிட்டது. உயிருக்குப் போராடுபவர் முன்னால் முதலில் நிற்க வேண்டிய வேலையை, வேறெதுவும் கிடைக்காததால் எடுத்துக்கொள்பவர் தாங்க மாட்டார். மனத்தில் இத்துறைதான் இருக்கிறதென்றால், குறைந்த மதிப்பெண்ணோடும் விண்ணப்பியுங்கள். குடும்ப மருத்துவத்துக்கும் சேர்த்து விண்ணப்பிப்பதில் தவறில்லை, ஆனால் இரண்டுக்கும் தன்னறிக்கையைத் தனித்தனியாக எழுதுங்கள்.