பாட்டியை ஏன் பழங்காலத்துக்கு அனுப்புகிறீர்கள்?

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆனால் போதும், காலையில் போட்டோ வாக், அதாவது கூட்டமாகத் தெருவில் நடந்து படம் எடுக்க, போனவர்களின் படங்கள் டைம்லைனில் வந்து விழ ஆரம்பிக்கும். சுருக்கம் விழுந்த தாத்தா முகம். பீடிப் புகை. பூக்கட்டும் பாட்டி. மீன்பாடி வண்டியில் படுத்துத் தூங்குகிறவர். எல்லாமே கறுப்பு வெள்ளை. எடிட்டிங்கில் கிளாரிட்டி என்ற ஸ்லைடரை ஏற்ற முடிந்த மட்டும் ஏற்றி, கன்னத்துக் கோடுகளை உளி வைத்துச் செதுக்கிய மாதிரி ஆக்கியிருப்பார்கள். கீழே ‘உயிரோட்டம்’ என்று பாராட்டு வேறு.

அந்தப் பாட்டியின் கூடைக்குப் பக்கத்தில் யுபிஐ அட்டை இருக்கும். பணம் வந்தால் கத்துகிற பெட்டி இருக்கும். அதையெல்லாம் கிராப்பில் வெட்டிவிட்டு, மிச்சத்தைச் சாம்பலாக்கி, இந்த வருஷம் பூ விற்கிற பெண்ணை 1960-க்கு அனுப்பிவிடுகிறோம். இதே போட்டோகிராபர் மாலில் படம் எடுத்தால் கலரில்தான் போடுகிறார். ஏழைக்கு மட்டும் ஏன் கறுப்பு வெள்ளை? இதுதான் என் சண்டை.

கறுப்பு வெள்ளையின் மேல் எனக்கு வெறுப்பு ஒன்றும் கிடையாது. ஆனால் அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் யோசிக்கலாம். தெருப் புகைப்படத்தின் முன்னோடியான பிரெஞ்சுக்காரர் கார்த்தியே-பிரெஸ்ஸோன் காலத்தில் அதற்கு நடைமுறைக் காரணங்கள் இருந்தன. பத்திரிகைகள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில் அச்சாயின. ட்ரை-எக்ஸ் என்ற கறுப்பு வெள்ளை ஃபிலிமின் வேகம், அதாவது வெளிச்சத்தை உணரும் திறன், 400. நல்ல கலர் என்று கொண்டாடப்பட்ட கோடாக்குரோம் ஃபிலிமுக்கு 25 அல்லது 64. அதாவது 25-க்கும் 400-க்கும் நடுவே நான்கு ஸ்டாப் வித்தியாசம், ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் தேவையான வெளிச்சம் பாதியாகும். சந்துக்குள் நடந்துகொண்டிருப்பவரை ஆட்டமில்லாமல் பிடிக்க வேண்டுமானால், எதை கேமராவில் போடுவீர்கள்? கறுப்பு வெள்ளை ஃபிலிமை வீட்டுக் குளியலறையை இருட்டாக்கிக்கூடக் கழுவலாம். கோடாக்குரோமை அதற்கென்றே இருந்த லேபுக்குத்தான் அனுப்ப வேண்டும். இன்றைக்கு நம் கையில் இருக்கும் கேமராவில் ஐஎஸ்ஓ (அதே வேக அளவு) 6400 சாதாரணம். அந்தக் காரணங்கள் எல்லாம் போய்விட்டன, தோற்றம் மட்டும் தங்கிவிட்டது.

அந்தக் கஷ்டமான காலத்திலேயே கலரை விடாமல் பிடித்துக்கொண்டவர் ஒருவர் நம் நாட்டிலேயே இருந்தார். புகைப்படக்காரர் ரகுபீர் சிங், ஜெய்ப்பூர்க்காரர். 1966-இல் அதே ஜெய்ப்பூரில் கார்த்தியே-பிரெஸ்ஸோன் வேலை செய்வதை நேரில் பார்த்தவர். நெரிசலில் எப்படி நிற்பது, எப்போது அழுத்துவது என்பதையெல்லாம் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டார், கறுப்பு வெள்ளையை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. இந்தியர்களுக்கு நிறம் என்பது மேல்பூச்சு கிடையாது, உள்ளேயே ஊறியது என்று கடைசிவரை வாதாடினார். தமிழ்நாட்டைப் பற்றியும் அவருக்கு ஒரு படப் புத்தகம் உண்டு. அவருடைய படங்களில் ஒரு மூலையில் இருக்கும் மஞ்சளை விரலால் மறைத்துப் பாருங்கள், படமே சாய்ந்துவிடும்.

நம் தெருவுக்கு இது இன்னும் பொருந்தும். இங்கே நிறம் பல நேரம் தகவல். கார்த்திகை மாதம் கறுப்பு வேட்டி கட்டியவர் யார் என்று உங்களுக்குத் தெரியும். பேருந்து முழுக்கச் சிவப்புப் புடவை என்றால் அது மேல்மருவத்தூர் போகிறது. பச்சை வேட்டியில் நடந்து போகிறவர்களைப் பார்த்தால் பழநி ஞாபகம் வரும். கட்சிக் கரை வேட்டியைச் சொல்லவே வேண்டாம், கரையைப் பார்த்துத்தான் டீக்கடையில் பேச்சே மாறும். (கறுப்பு வெள்ளையாக்கினால் தூரத்திலிருந்து இரண்டு கழகமும் ஒன்றுபோல்தான் தெரியும். அதை அரசியல் கருத்தாக வைத்துப் படம் எடுத்தால் நான் முதல் லைக் போடுவேன்.) இவ்வளவையும் எடுத்து எறிந்துவிட்டு ‘எமோஷன்’ மட்டும் போதும் என்றால், அந்த முகம் எந்த ஊர் முகம் என்பதே போய்விடுகிறது.

போன முறை பாரிமுனைப் பக்கம் நடந்தபோது கூட வந்த ஒரு பையன் கேமராவை நீட்டி, “அண்ணா, பின்னாடி அந்த நீலக் குடம் இடிக்குது. பிளாக் அண்ட் ஒயிட் ஆக்கிட்டா சரியாயிடும்ல?” என்று கேட்டான். “குடம் அங்கயேதான் தம்பி இருக்கும், சாம்பல் கலர்ல இருக்கும்” என்றேன். கேண்டிட், அதாவது போஸ் கொடுக்கச் சொல்லாமல் இயல்பாக, எடுப்பதில் நிஜமான சிரமமே இதுதான். ஆளை நகரச் சொல்ல முடியாது, குடத்தை எடுத்து வைக்க முடியாது. லென்ஸ் துளையை எஃப் 8-இலும் ஷட்டரை நொடியில் 500-இல் ஒரு பங்கிலும் வைத்து, மூன்று மீட்டரில் ஃபோகஸைப் பூட்டிவிட்டு, இரண்டடி இடது பக்கம் தள்ளி நின்று காத்திருக்கலாம். கறுப்பு வெள்ளையில் கோடு, நிழல், கை அசைவு பொருந்தினால் போதும். கலரில் நிறங்களும் பொருந்த வேண்டும், அதனால் காத்திருப்பு கூடும், கிடைக்கிற படம் குறையும். அந்தச் சோம்பலுக்குத்தான் ‘காலத்தை வென்ற அழகு’ என்று பேர் வைக்கிறோமோ என்று எனக்குச் சந்தேகம்.

சரி, எங்கே கறுப்பு வெள்ளை? சித்திரை வெயில், உச்சி வேளை, ஜார்ஜ் டவுன் தூண்களுக்கு நடுவே. வானம் வெளிறி, நிறமெல்லாம் செத்துப் போயிருக்கும். நிழல் மட்டும் கத்தியால் வெட்டியதுபோல் விழும். அப்போது அதில்தான் விஷயமே இருக்கிறது. பழைய சோடியம் விளக்குத் தெருக்களும் அப்படித்தான். அந்த ஆரஞ்சு வெளிச்சத்தில் மற்ற நிறங்கள் பெரும்பாலும் இருக்கவே இருக்காது, நிறச் சாய்வைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை எங்கே திருப்பினாலும் திரும்பி வராது. கறுப்பு வெள்ளைதான் நேர்மையான வழி. ஆனால் இப்போது சென்னையின் பெரும்பாலான தெருக்களில் வெள்ளை எல்இடி வந்துவிட்டது. இரவுத் தெருவில் புடவை நிறம் தெரிகிறது! ஐப்பசி மழையில் நனைந்த ரோட்டில் மெடிக்கல் ஷாப்பின் பச்சைப் பலகை நீளமாக ஒழுகுவதைச் சாம்பலாக்கத் தோன்றுகிறவரிடம் எனக்குப் பேச ஒன்றுமில்லை.

இன்னொன்று, இதை எடுக்கும்போதே பார்க்கப் பழக வேண்டும். சிவப்புப் புடவையும் பச்சைச் சுவரும் கண்ணுக்கு எதிரும் புதிருமாக இருக்கும். வெளிச்ச அளவில் ஒன்றாக இருந்தால் கறுப்பு வெள்ளையில் புடவை சுவருக்குள் போய்விடும். சென்சார் பார்த்ததையெல்லாம் அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலில் எடுத்துக்கொண்டு திரையை மட்டும் மோனோகுரோமில் வைத்தால் இது அங்கேயே தெரிந்துவிடும், கலரும் ஃபைலில் பத்திரமாக இருக்கும். 2012-இல் லைக்கா, கலரே எடுக்காத எம் மோனோகுரோம் என்ற கேமராவைக் கொண்டுவந்தது. சென்சாரின் மேல் நிற வடிகட்டியே கிடையாது. அதன் விலைக்கு ஒரு நல்ல பைக் வாங்கலாம் என்பது வேறு கதை. ஆனால் அதைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர் வீட்டு வாசலிலேயே முடிவெடுத்துவிட்டார். அதை நான் மதிக்கிறேன்.

அப்புறம் போபால். 1984 டிசம்பர் விஷவாயுக் கசிவில் இறந்து புதைக்கப்பட்ட ஒரு குழந்தையின் முகத்தை, புகைப்படப் பத்திரிகையாளர்கள் ரகு ராய் கறுப்பு வெள்ளையிலும் பாப்லோ பார்த்தலோமியு கலரிலும் எடுத்தார்கள். கலர்ப் படம் அந்த ஆண்டின் உலகப் பத்திரிகைப் புகைப்பட விருதை வாங்கியது. ரகு ராயின் படம் எனக்கு ஒரு நினைவுச் சின்னம் மாதிரி, எல்லாக் குழந்தைகளுக்குமான முகம். கலர்ப் படத்தில் மண் மண்ணின் நிறத்தில் இருக்கிறது, தோல் தோலின் நிறத்தில் இருக்கிறது. நேற்று வரை இருந்த ஒரு குழந்தை அது. இரண்டில் எது பெரிது என்று நான் சொல்லப் போவதில்லை. இரண்டும் ஒரே வேலையைச் செய்யவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

கடைசியாக, யாரும் பேசாத ஒரு ஸ்லைடர். லைட்ரூம் என்ற எடிட்டிங் மென்பொருளில் கறுப்பு வெள்ளையாக்கும்போது ஆரஞ்சு என்று ஒன்று இருக்கும். நம் தோல் நிறம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. கூட்டினால் முகம் வெளுக்கும், குறைத்தால் கறுக்கும். காசிமேட்டு மீனவர் படம் என்றால் இடது பக்கம் இழுத்து முகத்தைக் கரியாக்குகிறோம். மெரினாவில் சிரிக்கிற கல்லூரிப் பெண் என்றால் வலது பக்கம் இழுத்து வெளுப்பாக்குகிறோம். இரண்டு பேரும் நிஜத்தில் ஒரே நிறமாக இருந்திருப்பார்கள். நான் இப்போதெல்லாம் மாற்றிய படத்துக்குப் பக்கத்திலேயே கலர்ப் படத்தையும் திறந்து வைத்துக்கொண்டு, முதலில் முகங்களைத்தான் ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.