தலையாட்டுகிற கணக்குப்பிள்ளை

மூன்று வருடங்களுக்கு முன் மாம்பழப் பருவத்தில், கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் தொழிற்சாலையின் எடைமேடையில், சி என்ற கணினி மொழியில் நான் எழுதிக் கொடுத்த நிரல் ஒரு மினி லாரியின் காலி எடையை இரண்டு கிலோ என்று எடுத்துக்கொண்டது. லோடோடு வண்டி 5,310 கிலோ. காலி வண்டி 2,450. நிகர எடை 2,860 என்று வந்திருக்க வேண்டும். சீட்டில் 5,308 என்று அச்சாகியிருந்தது. வண்டியையும் மாங்காய்க் கணக்கில் சேர்த்துவிட்டது என் நிரல்.

பெங்களூரா மாங்காய் ஏற்றி வந்திருந்த விவசாயி சீட்டைப் பார்த்தார், மடித்துச் சட்டைப்பையில் வைத்தார், ஒன்றும் பேசவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. கண்டுபிடித்தவர் கணக்குப்பிள்ளை. "இந்த வண்டியில் ஐந்து டன் ஏற்றினால் அச்சு முறிந்து மேடையிலேயே உட்கார்ந்துவிடும் தம்பி, உங்கள் கம்ப்யூட்டருக்கு அது தெரியாதா?" என்று கேட்டார்.

தெரியாது. எடை போடுகிற அண்ணன், பில் புத்தகத்தில் எழுதுகிற பழக்கத்தில், நிரலை இயக்கத் தட்டுகிற கட்டளை வரியில் 2,450 என்று காற்புள்ளியோடு தட்டியிருந்தார். அதை எண்ணாக மாற்ற நான் போட்டிருந்தது ஏடூஐ. அந்தச் செயல்கூறின் குணம் தெரிந்தவர்களுக்கு மேலே சொல்லத் தேவையில்லை. இலக்கங்களாக இருக்கும் வரை படிக்கும். வேறு எது எதிர்ப்பட்டாலும் நின்றுகொண்டு, அதுவரை படித்ததைக் கொடுத்துவிடும். காற்புள்ளிக்கு முன்னால் இருந்தது 2. அதைக் கொடுத்தது. 'மாங்காய்' என்று தட்டியிருந்தால் 0 கொடுத்திருக்கும். உண்மையாகவே 0 என்று தட்டியிருந்தாலும் அதே 0தான். இரண்டுக்கும் வேறுபாடு தெரிந்துகொள்ள வழியே கிடையாது.

சின்ன வயதில் அப்பாவோடு தர்மபுரிக்குப் புளி மூட்டையோடு போன நாட்களில் இரண்டு வகைக் கணக்குப்பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஒருவர், காதில் சரியாக விழாவிட்டால் எழுதுகோலை வைத்துவிட்டு "என்ன சொன்னீர்கள்? பதினேழா, இருபத்தேழா?" என்று கேட்பார். வரிசை நிற்கும், பின்னால் இருப்பவர்கள் முணுமுணுப்பார்கள். இன்னொருவர் எதைச் சொன்னாலும் தலையாட்டிக்கொண்டே எழுதுவார். வேலை மளமளவென்று நடக்கும். மாலையில் கணக்கு முடிக்கும்போதுதான் தெரியும், யாருடைய பத்து கிலோ யாருடைய பெயரில் போயிருக்கிறது என்று. சி மொழியில் கட்டளை வரியைப் படிக்கிற நம்மவர்களின் நிரல்களில் பெரும்பாலானவை இந்த இரண்டாமவர்தான். என்னுடையதும் அப்படித்தான் இருந்தது.

இதற்கு நம் படிப்பும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். நான் படித்த கல்லூரியில் சி ஆய்வகம் என்றால் நீலத் திரை, தட்டுவதைப் படிக்க ஸ்கேன்எஃப், '1. சேர், 2. நீக்கு, 3. வெளியேறு' என்றொரு பட்டியல். நிரல் தொடங்குகிற மெயினுக்குள், கட்டளை வரியில் எத்தனை சொற்கள் என்று சொல்லும் ஆர்க்சி, அந்தச் சொற்களின் பட்டியலான ஆர்க்வி என்று இரண்டு இருப்பதைப் புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தில் ஒரு பக்கத்தில் பார்த்ததாக நினைவு. அது தேர்வுக்கு வராது என்று சொல்லிவிட்டார்கள். அதனால் வேலைக்கு வந்து முதல்முறையாக ஆப்ஷன் (கட்டளையோடு சிறுகோடு போட்டுத் தருகிற குறிப்பு) படிக்க வேண்டி வந்தபோது, ஒவ்வொருவரும் தனக்குத் தோன்றியபடி சக்கரம் செய்யத் தொடங்குகிறோம். என் சக்கரம் இப்படி இருந்தது: ஆர்க்வியில் ஒவ்வொன்றாகப் பார்ப்பது, அது காலி எடைக்கான '-டி' என்று இருந்தால் அடுத்ததை எடுத்து எண்ணாக்குவது. ஒருநாள் அண்ணன் '-டி' மட்டும் தட்டிவிட்டு, எடை எழுதாமல் என்டர் அழுத்திவிட்டார். அடுத்தது என்று நான் எடுத்த இடத்தில் நல், அதாவது எதையும் சுட்டாத வெற்று மதிப்பு, இருந்தது. ஆர்க்வியின் கடைசிக்கு அடுத்த இடம் நல்லாகத்தான் இருக்கும் என்று சி மொழியின் தரநிலையே உறுதி சொல்கிறது, நான்தான் பார்க்கவில்லை. நிரல் அந்த இடத்திலேயே செத்தது. செத்தது நல்லதுதான், தப்பான சீட்டாவது வரவில்லை.

இதற்கெல்லாம் கெட்ஆப்ட் என்று, ஆப்ஷன்களைப் படித்துத் தரும் செயல்கூறு ஒன்று நான் பிறப்பதற்கு முன்பிருந்தே இருக்கிறது. ஏடி அண்ட் டி நிறுவனத்தின் யூனிக்ஸ் இயங்குதளத்தில் பிறந்தது. 1985இல் டல்லஸ் நகரில் நடந்த யூனிஃபோரம் மாநாட்டில் அதன் மூல நிரலை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவில் விட்டார்கள். பிறகு யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரநிலையிலும் சேர்ந்தது. எந்தெந்த எழுத்து வரலாம் என்று ஒரு சரம் எழுதிக் கொடுத்தால் போதும். எழுத்துக்குப் பின்னால் ஒரு முக்காற்புள்ளி போட்டால் அதற்கு மதிப்பு கட்டாயம் என்று பொருள். சரத்தின் தொடக்கத்திலேயே முக்காற்புள்ளி வைத்துவிட்டால், மதிப்பு விட்டுப்போன ஆப்ஷனைத் தனியாகவும் தெரியாத எழுத்தைத் தனியாகவும் பிரித்துச் சொல்லும்; எந்த எழுத்து என்பதை ஆப்ட்ஆப்ட் என்ற மாறியில் வைக்கும். மதிப்பு ஆப்ட்ஆர்க்கில் கிடைக்கும். ஆப்ஷன்கள் முடிந்து கோப்புப் பெயர்கள் எங்கே தொடங்குகின்றன என்பது ஆப்ட்இண்டில் இருக்கும். நீண்ட பெயர்கள் வேண்டுமானால் குனூ திட்டத்தின் கெட்ஆப்ட்லாங். இவ்வளவுதான் சங்கதி. அரை மணி நேரத்தில் படித்துவிடலாம்.

நானும் அரை மணி நேரத்தில்தான் படித்தேன். அங்கேதான் வினை.

தொழிற்சாலையில் இருந்த பழைய கம்ப்யூட்டர் மாங்காய்த் தூசியிலும் வெயிலிலும் மூச்சுத் திணறியதால், உள்ளங்கை அளவு ராஸ்பெரி பை கணினி ஒன்றை வாங்கி மாட்டினேன். அதே நிரல், அதே கம்பைலர். ஓட்டினால் ஒரு எழுத்துகூட வராமல் தொங்கியது. பருவம் உச்சத்தில் இருந்தது, வாசலில் டிராக்டர்கள் நின்றன, சீரியல் கேபிளைத்தான் சந்தேகப்பட்டேன். கேபிளை மாற்றினேன். எடைமேடைக்காரரைக் கூப்பிட்டுத் திட்டினேன் (பிறகு மன்னிப்புக் கேட்டேன்). இரவு பதினொரு மணிக்குத்தான் தெரிந்தது. கெட்ஆப்ட் திருப்பித் தருவது இன்ட், அதாவது முழு எண். எல்லாம் முடிந்ததும் -1 தரும். நான் அதை ஒற்றை எழுத்துக்கான கேரக்டர் வகை மாறியில் வாங்கியிருந்தேன். இன்டெல் கம்ப்யூட்டரில் கேரக்டருக்கு எதிர்மறை மதிப்பு உண்டு, -1 அப்படியே -1ஆக நிற்கும். ராஸ்பெரி பையின் ஆர்ம் செயலியில் ஓடும் லினக்ஸில் அது 0 முதல் 255 வரை மட்டும். -1ஐ வைத்தால் 255 ஆகிவிடும். 255 ஒருநாளும் -1க்குச் சமமாகாது. சுற்று முடியவே முடியாது. கேரக்டருக்குக் குறி உண்டா இல்லையா என்பதைச் சி மொழி செயலி, கம்பைலர் செய்பவர்களின் கையில் விட்டிருக்கிறது என்பதை அன்றைக்குத்தான் தோலில் உணர்ந்தேன்.

ஆனால் இதைவிடக் கேவலமான செய்தி ஒன்று உண்டு. எந்த எழுத்து வந்தால் என்ன செய்வது என்று பிரிக்கிற அந்த ஸ்விட்சில், தெரியாத எழுத்துக்கான பிரிவை நான் எழுதவே இல்லை. எழுதியிருந்தால், ஆப்ஷன்கள் முடிந்த அடுத்த சுற்றிலேயே 255 அதில் விழுந்து "இது என்ன எழுத்து?" என்று கத்தி வெளியே வந்திருக்கும், ஐந்து நிமிடத்தில் பிடித்திருப்பேன். தலையாட்டுகிற கணக்குப்பிள்ளையை வேலைக்கு வைத்தவனே நான்தான்.

உள்ளூர்க்காரன் அரைகுறையாக எழுதியதால் வந்தது என்று யாரும் மெத்தனமாக இருக்க வேண்டாம். 2022 ஜனவரியில் குவாலிஸ் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தார் பிகேஎக்ஸெக் என்ற நிரலில் ஒரு ஓட்டையை வெளியிட்டார்கள். லினக்ஸ் வகையறாக்களில் பரவலாக, ரூட் (முழு நிர்வாகி) உரிமையோடு ஓடுகிற நிரல் அது. ஆர்க்வியைப் படிக்கிற சுற்றை ஒன்றிலிருந்து தொடங்கியிருந்தார்கள், ஏனென்றால் சுழியாம் இடத்தில் நிரலின் பெயர் இருக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதானே. ஆனால் ஒருவன் வேண்டுமென்றே எதையுமே கொடுக்காமல், பெயரைக்கூடக் கொடுக்காமல் அதை இயக்கலாம். அப்போது ஆர்க்சி 0. ஒன்றாம் இடம் ஆர்க்விக்கு வெளியே போய்விடுகிறது. நினைவகத்தில் அதற்கு அடுத்தபடியாக உட்கார்ந்திருப்பவை சூழல் மாறிகள் (இயக்குபவர் நிரலுக்குக் கொடுக்கும் அமைப்புகள்). அவற்றில் முதலாவதை நிரல் தன் ஆர்க்வி என்று நினைத்துப் படித்து, அதன் மேலேயே திரும்ப எழுதியும் வைத்தது. அந்த ஒரு பிடி போதும், சாதாரணப் பயனர் ரூட் ஆகிவிடலாம். 2009இல் வந்த முதல் பதிப்பிலிருந்தே அந்தப் பிழை இருந்திருக்கிறது. பன்னிரண்டு வருடத்துக்கு மேல் எத்தனையோ கண்கள் அதைத் தாண்டிப் போயிருக்கின்றன. அதன்பின் லினக்ஸின் கருவான கெர்னலே, 5.18 பதிப்பிலிருந்து, வெறும் ஆர்க்வி வந்தால் ஒரு வெற்றுச் சரத்தையாவது உள்ளே வைத்துவிடுகிறது.

இரண்டு சிறுகோடுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு கோப்புறையில் '-ஆர்எஃப்' என்ற பெயரில் ஒரு கோப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே நின்று, கோப்புகளை அழிக்கிற ஆர்எம்மை நட்சத்திரத்தோடு (எல்லாம் என்று பொருள்) தட்டினால், நட்சத்திரத்தைக் கோப்புப் பெயர்களாக விரித்துக் கொடுப்பது நாம் தட்டும் கட்டளையை வாங்குகிற ஷெல். ஆர்எம்முக்குத் தெரிவது விரித்த பட்டியல் மட்டும். அதில் இருக்கும் '-ஆர்எஃப்' கோப்பா கட்டளையா என்று அதற்கு எப்படித் தெரியும்? 'உள்ளே இருப்பவற்றோடு, கேட்காமல் அழி' என்ற கட்டளை என்று எடுத்துக்கொள்ளும். கோப்புறைகளும் சேர்ந்து போகும். இடையில் '--' என்று தனியாகப் போட்டால் அதோடு ஆப்ஷன் முடிந்தது. ஓசூரைத் தாண்டி, கர்நாடக எல்லையில், ஜூஜூவாடி சோதனைச் சாவடியைக் கடந்ததும் பலகைகளில் எழுத்து மாறிவிடுகிற மாதிரி, அந்தக் கோட்டுக்கு அப்பால் வருகிற எந்தச் சிறுகோடும் வெறும் பெயர்தான். கெட்ஆப்ட் போட்டால் இந்த மரியாதை இலவசமாகக் கிடைக்கிறது. கையால் எழுதிய சக்கரங்களில் இதை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

கெட்ஆப்ட்டின் குடும்பத்திலும் எனக்குப் பிடிக்காத பிள்ளை உண்டு. கெட்ஆப்ட்லாங், நீண்ட பெயரை முழுதாக எழுதாவிட்டாலும் குழப்பம் இல்லாத வரை ஏற்றுக்கொள்ளும். '--வெர்ஷன்' மட்டும் இருக்கிற நிரலில் '--வெர்' போதும். யாரோ ஒருவர் அதைத் தன் ஸ்கிரிப்டில் எழுதி வைத்துவிடுவார். அடுத்த வருடம் நீங்கள் '--வெர்போஸ்' சேர்ப்பீர்கள். அவருடைய ஸ்கிரிப்ட் அன்றைக்கு உடையும், உங்களைத் திட்டுவார். ஊகித்துக்கொள்வது பயனருக்கு வசதி என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

"பைத்தான் மொழியில் எழுதினால் இந்தத் தலைவலியே இல்லையே" என்று வழக்கமாகச் சொல்கிற நண்பர்கள் இந்தப் பதிவின் கீழேயும் வருவார்கள். வாருங்கள். சி மொழியில் எழுத வேண்டிய இடங்கள் இன்னும் இருக்கின்றன, அதைப் பற்றி வேறொரு நாள் சண்டை போடலாம். விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் கம்பைலரோடு கெட்ஆப்ட் வராது என்பதும் உண்மை. அது சி தரநிலையின் பகுதி இல்லை. பொதுவில் கிடைக்கும் ஒரு கோப்பைச் சேர்த்துக்கொண்டால் அந்தக் கவலை தீரும்.

மதிப்பைப் படிக்கிற வேலையைக் கெட்ஆப்ட் செய்யாது என்பதை மட்டும் மறந்துவிட வேண்டாம். அது சரத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடும். ஏடூஐயை நான் தலைமுழுகிவிட்டேன். இப்போது ஸ்டர்டால் என்ற செயல்கூறு. எங்கே படிப்பதை நிறுத்தியது என்பதை அது ஒரு சுட்டியில் சொல்லும். சுட்டி தொடக்கத்திலேயே நின்றால் எண்ணே இல்லை. சரத்தின் கடைசி வரை வரவில்லை என்றால் பாதி எண், மீதி குப்பை. பிழை எண்ணை வைக்கிற எர்நோ மாறியை முன்கூட்டியே சுழியாக்கி வைத்தால், அடங்காத அளவு பெரிய எண்ணையும் பிடிக்கலாம். அடிமானம் 10 என்று எழுதிவிட வேண்டும். 0 என்று விட்டால், முன்னால் சுழி போட்டு எழுதிய 01200ஐ எட்டடிமானம், அதாவது பத்துக்குப் பதில் எட்டு எட்டாக எண்ணும் முறை, என்று நினைத்து 640 என்று படிக்கும். மாங்காய் விற்பவருக்கு இதை எப்படி விளக்குவது?

இன்னொரு கூத்தையும் சொல்லிவிடுகிறேன். பிழைச் செய்தியை முதலில் சாதாரண வெளியீட்டிலேயே எழுதியிருந்தேன். அந்த வெளியீடு நேராகச் சீட்டு அச்சிடும் இயந்திரத்துக்குப் போகிறது. ஒருநாள் ஒரு விவசாயியின் கையில், எடைக்குப் பதிலாக, என் நிரலை எப்படி இயக்க வேண்டும் என்ற ஐந்து வரி ஆங்கிலக் குறிப்பு அச்சாகிப் போய்ச் சேர்ந்தது. அதை எடுத்துக்கொண்டு அவர் பணம் வாங்கும் ஜன்னலுக்கே போய்விட்டார். அதற்குப் பிறகுதான் பிழைகளை, அவற்றுக்கென்றே உள்ள எஸ்டிடிஎர் வெளியீட்டுக்கு மாற்றி, வெளியேறும்போது சுழியல்லாத எண்ணைக் கொடுத்து, அந்த எண் வந்தால் அச்சே நடக்காதபடி செய்தேன். உதவி வேண்டும் என்று எடை போடுகிறவராகக் கேட்டால் மட்டும் குறிப்பு சாதாரண வெளியீட்டில் வரும். குறிப்பையும் தமிழில் எழுதிவிட்டேன்.

போன மாதம் அங்கே போயிருந்தேன். அண்ணன் பழக்கதோஷத்தில் 2,450 என்றே தட்டினார். 'காலி எடை எண்ணாக இல்லை: 2,450' என்று திரையில் வந்தது. "காற்புள்ளியை நீயே எடுத்துவிட்டுப் படித்துக்கொண்டால் என்ன தம்பி, குறைந்தா போய்விடுவாய்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. 24,50 என்று தட்டினால் என்ன செய்வது, 2450ஆ, 24,500இல் ஒரு சுழி விட்டுப்போனதா என்று திருப்பிக் கேட்டேன். கணக்குப்பிள்ளை உள்ளேயிருந்து சிரித்தார். அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே காற்புள்ளி இல்லாமல் மறுபடி தட்டினார். சீட்டு வந்தது. அதைக் கிழித்து விவசாயியிடம் கொடுப்பதற்கு முன், பேனாவை எடுத்து, 2450க்கு நடுவில் அழுத்தமாக ஒரு காற்புள்ளி போட்டார்.