சட்டம் என்ன என்று கேட்டால் பொறாமையா?

துபாயில் தொழில் தொடங்குவது பற்றிய அந்த வீடியோவுக்குக் கீழே நான் எழுதியதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டுத் திட்டிக்கொண்டிருக்கிறீர்கள். "மூணே நாள்ல துபாய் லைசென்ஸ், வரியே கிடையாது, நூறு சதவீதம் உங்க கம்பெனி" என்று மேடையில் ஒருவர் பேசுகிறார். எந்தத் தொழிலுக்கு, எந்த இடத்தில் என்றுதான் நான் கேட்டேன். அதற்கு நான் அடுத்தவன் வளர்வதைப் பொறுக்காதவன் ஆகிவிட்டேன். சரி, விவரமாகவே எழுதிவிடுகிறேன்.

நூறு சதவீத உரிமை ஃப்ரீ ஸோனில், அதாவது தனி விதிகளோடு ஒதுக்கப்பட்ட வணிகப் பகுதிகளில், பல வருடமாக உண்டு. அதற்கு வெளியே உள்ள மெயின்லாந்தில் 2021 ஜூன் வரைக்கும் பொதுவாக 51 சதவீதம் அந்த நாட்டுக்காரர் பெயரில் இருந்தாக வேண்டியிருந்தது, இப்போது பெரும்பாலான தொழில்களுக்கு வேண்டியதில்லை. ஆனால் ஃப்ரீ ஸோன் லைசென்ஸை மட்டும் வைத்துக்கொண்டு, மெயின்லாந்தில் இருக்கும் கராமா பகுதியில் மெஸ் நடத்த முடியாது. வரிக்கு வாருங்கள். 2018லிருந்து 5 சதவீதம் வாட் இருக்கிறது. 2023 ஜூன் 1 அன்றோ அதற்குப் பிறகோ தொடங்கிய நிதியாண்டுகளிலிருந்து 3,75,000 திர்ஹமுக்கு மேல் வரும் லாபத்துக்கு 9 சதவீதம் கார்ப்பரேட் வரி. லாபமே வராவிட்டாலும் கம்பெனியை இந்த வரிக்குப் பதிவு செய்தாக வேண்டும், பிந்தினால் அபராதம் 10,000 திர்ஹம். இதைச் சொல்ல மேடையில் ஒரு நிமிடம் போதுமே, ஏன் சொல்லவில்லை?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், என் பெரியப்பா மகனுக்கு நடந்தது இதேதான். கடை பிடித்து, அட்வான்ஸ் கொடுத்து, வருட வாடகைக்குச் செக் எழுதிக் கொடுத்த பிறகுதான் லைசென்ஸை எடுத்து உட்கார்ந்து படித்தோம். தொழில் என்ற இடத்தில் 'ஜெனரல் டிரேடிங்', அதாவது பொருள் வாங்கி விற்பது, என்று இருந்தது. சமைத்து விற்க அது உதவாது. மறுபடி மெயின்லாந்தில் புது லைசென்ஸ், மாநகராட்சிக்குக் கிச்சன் பிளான், புகை வெளியேற்றும் எக்ஸாஸ்ட், கழிவுநீரில் எண்ணெயைப் பிடிக்கும் கிரீஸ் ட்ராப், உணவுப் பாதுகாப்புச் சான்றிதழ் வாங்கிய ஒரு ஆள். கடை பூட்டிக் கிடக்க, வாடகைச் செக் மட்டும் தேதி தவறாமல் பாங்குக்குப் போனது. ஏஜென்டைக் கேட்டால், "நீங்க ரெஸ்டாரன்ட்னு சொல்லவே இல்லையேண்ணா" என்றார். அண்ணன் அவருக்கு அனுப்பிய முதல் வாட்ஸ்அப்பே மெனு கார்டுதான்!

"இதையெல்லாம் பார்த்தா எவனும் தொழில் தொடங்க மாட்டான்" என்கிறீர்கள். விவரம் தெரிந்துகொண்டு தொடங்குங்கள் என்றுதான் சொல்கிறேன், தொடங்காதே என்று எங்கே சொன்னேன்?

"செட்டியார்கள் எதைப் படிச்சுட்டு பர்மா போனாங்க?" என்று இன்னொருவர். அவர்கள் கடையில் பெட்டியடிப் பையனாக, அதாவது எடுபிடியாகச் சேர்ந்து, கடையும் தங்குமிடமுமான கிட்டங்கியிலேயே தங்கி, கடையை நடத்துகிறவருக்கு உதவியாளான அடுத்தாளாக இருந்து அந்த ஊர்த் தொழிலைக் கற்றவர்கள். அப்படிப்பட்டவர்களுக்கே 1948இல் பர்மாவில் நில தேசியமயச் சட்டம் வந்த பிறகு கையில் இருந்த வயல்கள் தங்கவில்லை. ஒரு மணி நேர வீடியோ பார்த்துவிட்டுப் போகிறவருக்கு எவ்வளவு கவனம் வேண்டும்!

ஊரிலிருந்து பணம் அனுப்புகிறவருக்கு நம் ரிசர்வ் வங்கி விதியும் உண்டு. தனிநபர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரைதான் அனுப்பலாம், வெளிநாட்டுக் கம்பெனியில் பங்கு எடுத்தால் 2022இல் வந்த விதிகளின்படி பாங்க் வழியாகத் தெரிவிக்கவும் வேண்டும். இதையும் அங்கே யாரும் வாயே திறக்கவில்லை.

அண்ணன் கடை பிடிக்கக் கிளம்பிய அன்றைக்கு வீட்டில் "லைசென்ஸ் காப்பியைக் காட்டு" என்று கேட்டவன் நான் ஒருவன்தான். நல்ல காரியம் பேசும்போது அபசகுனமாகப் பேசாதே என்று என் வாயை அடைத்தார்கள். அண்ணி கழற்றிக் கொடுத்த நகை இன்றுவரை அடகில் இருக்கிறது, அன்று என்னை அடக்கிய யாரும் அதை மீட்டுக் கொடுக்க வரவில்லை. இப்போது முகம் தெரியாத நீங்கள் பொறாமை என்கிறீர்கள். வலிக்கத்தான் செய்கிறது.

நாளைக்கே அட்வான்ஸ் கட்டப் போகிற தம்பிகள் தயவுசெய்து கொஞ்சம் பொறுங்கள். லைசென்ஸில் வரப்போகும் தொழிலின் பெயரை ஏஜென்டிடம் எழுத்தில் வாங்குங்கள். நீங்கள் பார்த்து வைத்திருக்கும் கடையில் அதை நடத்தலாமா என்று லைசென்ஸ் கொடுக்கும் துபாய் பொருளாதாரத் துறையிலும் மாநகராட்சியிலும் நீங்களே நேரில் கேளுங்கள். போய்ப் பேசத் தயக்கமாக இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள், நான் கூட வருகிறேன்.